52 டாலர் போச்சு: சீன மொழி மேனுவலோடு வரும் கார் அலாரம், உஷார்!

ஆன்லைனில் வாங்கிய கார் அலாரம் பற்றிக் கொடுத்த புகாரை நேற்று மூடிவிட்டார்கள். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

பெரிய ஆன்லைன் சந்தை ஒன்று, சீனாவிலிருந்து நேரடியாக அனுப்பும் செல்லர். சைரன், இரண்டு ரிமோட், அதிர்வு சென்சார், சென்ட்ரல் லாக் வயர்கள், எல்லாம் சேர்த்து 52 டாலர். விளம்பரப் படத்தில் வயரிங் வரைபடம் முழுக்க இங்கிலீஷில் இருந்தது. சாட்டில் தனியாகக் கேட்டதற்கும் “பெட்டிக்குள் இங்கிலீஷ் மேனுவல் உண்டு” என்று உடனே பதில். அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் கட்டியது.

வந்தது மடித்த ஒற்றைத் தாள். இரு பக்கமும் சீனம், அதுவும் மங்கலான அச்சு.

போன் கேமராவில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கவனியுங்கள். எர்த் கொடுப்பதைச் சீனத்தில் ‘இரும்போடு சேர்ப்பது’ என்ற பொருளில் எழுதுவார்கள். ஆப் வெறும் ‘இரும்பு’ என்று காட்டும். ‘வழக்கமான மின்சாரம்’ என்று வந்தால், சாவியை எடுத்த பிறகும் பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் என்று அர்த்தம். வயர் நிறங்கள் இன்னும் மோசம். சிவப்பு, பச்சை இரண்டு எழுத்துக்கும் இடது பாதி ஒன்றே. பட்டு நூலைக் குறிக்கும் உறுப்பு அது. வலது பாதிதான் வேறு. சிவப்பில் மூன்றே கோடு, படுக்க வைத்த ‘எச்’ மாதிரி. பச்சையில் கோடுகள் நெருக்கமாக இருக்கும். அச்சு மங்கினால் இரண்டும் ஒன்றுதான்.

உண்மையான சேதம் சென்ட்ரல் லாக்கில். தாளில் மூன்று வரைபடம்: நெகட்டிவ் ட்ரிகர் (எர்த் கொடுத்தால் லாக் இயங்கும்), பாசிட்டிவ் ட்ரிகர் (12 வோல்ட் கொடுத்தால் இயங்கும்), மோட்டாருக்கு நேரடி இணைப்பு. பாசிட்டிவுக்கான எழுத்துக்கு ‘சரியான’ என்றும் பொருள் உண்டு. ஆப் அந்த வரைபடத்தின் தலைப்பை ‘சரியான தூண்டல்’ என்று காட்டியது. சரியான முறை அதுதான் என்று நம்பி, ரிலேயின் (மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச்) பொது வயர் 12 வோல்ட்டுக்குப் போனது. காரோ நெகட்டிவ் ட்ரிகர். பொது வயர் எர்த்துக்குப் போயிருக்க வேண்டும். எர்த்தை எதிர்பார்த்த உள்ளீட்டில் 12 வோல்ட் ஏறி லாக் யூனிட் செத்தது. அந்த எழுத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஐந்தே கோடு, சீனர்கள் ஐந்தைந்தாக எண்ணிக்கை குறிக்கப் பயன்படுத்துவதும் அதுதான். நெகட்டிவ் எழுத்துக்கு அடியில் இரண்டு கால் விரிந்திருக்கும்.

செல்லரிடம் கேட்டால் முதல் பதில், “நண்பரே, மொழிபெயர்ப்பு ஆப் பயன்படுத்துங்கள்”. இரண்டாவது, “பொருத்திவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது”. மூன்றாம் நாள் விளம்பரத்தில் இருந்த இங்கிலீஷ் வரைபடத்தையே காணோம்! பழைய படத்துக்கு ஸ்கிரீன்ஷாட் இல்லை. சந்தையின் புகார்ப் பிரிவோ, “பொருள் விளக்கத்தோடு ஒத்திருக்கிறது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. 52 டாலருக்கு ஈடாக 4 டாலர் கூப்பன், அதுவும் அடுத்த ஆர்டரில்தான் கழியுமாம். செத்த லாக் யூனிட்டின் விலை இந்த 52 டாலரில் சேராது.

வாங்கப் போகிறவர்களுக்கும் வாங்கித் தொலைத்தவர்களுக்கும் அவசரமாகச் சில:

விளம்பரப் படங்களையும் சாட்டையும் ஆர்டர் போடும் முன்பே சேமியுங்கள். வயர்களைக் காரில் தொடும் முன் தாளிலுள்ள நிறங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எங்களுக்கு வந்த தாளில் ரோஸ் வயர் உண்டு, கற்றையில் இல்லை.

லாக் சுவிட்ச் வயரை மல்டிமீட்டரில், டிசி 20 வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் அல்லது 5 வோல்ட் காட்டி, சுவிட்சை அழுத்தியதும் பூஜ்யமானால் நெகட்டிவ் ட்ரிகர்.

‘எண்ணெய் வெட்டு’ என்று வருவது பெட்ரோல் பம்பை நிறுத்தும் வயர். அதைத் தொடாதீர்கள், ஓடும்போது ரிலே கெட்டால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். திருடன் ஸ்டார்ட் செய்யாமல் தடுக்க, ஸ்டார்ட்டர் வயரை மட்டும் வெட்டி ரிலேயின் 30, 87ஏ முனைகளில் கொடுங்கள். ரிலேக்கு மின்சாரம் வராதபோது இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதனால் அலாரம் செத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும்.

மஞ்சள் உறை போட்ட வயர் பக்கமே போகாதீர்கள், ஏர்பேக்.