பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் 22: கொமியூனிகேஷன் கடைக்குப் பொருந்துமா?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு கொமியூனிகேஷன் கடைக் கணினிக்குள் ஒரே நாளில் எத்தனை பேருடைய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். படிவம் போய் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கணினியில் இன்னும் விண்டோஸ் 10 ஓடினால் கவலைப்படக் காரணம் இருக்கிறது. அதற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்த வீட்டுப் பாவனையாளருக்கும் 2026 ஒக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறை. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம் உள்ள பெட்டியில் அது முறைப்படி ஏறாது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22 வரிசையின் எக்ஸ்எப்சிஇ பதிப்பு (இலகுவான திரைமுகம் கொண்டது) ஏறும். காசு கட்டத் தேவையில்லை, 2029 வரை திருத்தம் வரும்.

லினக்ஸுக்கு வைரஸே வராது என்று சொல்பவரை நம்ப வேண்டாம். லினக்ஸில் அனுமதிகளைக் கவனிக்கும் போல்கிட் என்ற பகுதியில் 2022 ஜனவரியில் வெளிவந்த ஓட்டை 2009 முதல் உள்ளேயே கிடந்தது. சாதாரணப் பயனர் அதை வைத்து ரூட் அதிகாரம், அதாவது கணினி முழுவதன் கட்டுப்பாடு, எடுக்க முடிந்தது. 2016 பெப்ரவரியில் ஹேக்கர்கள் மின்ட்டின் இணையதளத்துக்குள்ளேயே புகுந்து, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ கோப்புக்கு (மின்ட்டை நிறுவப் பயன்படும் கோப்பு) ஆட்களைத் திருப்பினார்கள். டேட்டா மிச்சம் பிடிக்க ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் கைமாற்றிக்கொள்வது நம்மிடம் வழக்கம். அப்படி வாங்கினால் கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ256 எண்ணைப் பார்க்காமல் நிறுவவே கூடாது. விண்டோஸில் செர்ட்யூடில் கட்டளை அந்த எண்ணைக் காட்டும். மின்ட் தளத்தில் உள்ள எண்ணோடு கடைசி எழுத்து வரை ஒத்திருக்க வேண்டும்.

மின்ட் உண்மையில் வெல்லும் இடம் மென்பொருள் எங்கிருந்து வருகிறது என்பதில். உரிமம் வாங்காத விண்டோஸுக்கு ஆக்டிவேட்டர் (உரிமம் உள்ளதுபோல் காட்டும் திருட்டு நிரல்) போடும்போது முதலில் செய்யச் சொல்வது என்ன? விண்டோஸின் வைரஸ் காவலான டிபெண்டரை நிறுத்து என்பதுதான். காவலை அனுப்பிவிட்டு, யார் எழுதியதென்றே தெரியாத நிரலுக்கு நிர்வாகி அதிகாரம் கொடுக்கிறோம். பிறகு ஒபிஸ், பிடிஎப் எடிட்டர், பாமினி எழுத்துரு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு இஎக்ஸ்இ. மின்ட்டில் இவை தேவையே இல்லை. லிப்ரே ஒபிஸ் கூடவே வருகிறது. மற்றவை டிஜிட்டல் கையொப்பமிட்ட மின்ட்டின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து வரும். சரிபார்க்கப்படாத பிளாட்பெக்குகளை (வெளியிலிருந்து வரும் ஒருவகை மென்பொருள் பொதிகள்) 22ஆம் பதிப்பு தானாகவே மறைத்து வைக்கிறது. அதை அப்படியே விடுங்கள். பாமினிக்கு டிடிஎப் கோப்பு மட்டும் போதும்.

அடுத்தது பென் டிரைவ். வைரஸால் கோப்புறைகளெல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிய பென் டிரைவை மின்ட்டில் செருகினால், மறைக்கப்பட்ட அசல் கோப்புகள் கண்ணுக்குத் தெரியும். ‘மறைவு’, ‘சிஸ்டம்’ என்று விண்டோஸ் போடும் அடையாளத்தை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை. அந்த வைரஸ் விட்டுச்செல்லும் எல்என்கே, விபிஎஸ் கோப்புகள் இங்கே ஓடுவதுமில்லை. ஆனால் அவை அழிவதில்லை: நீங்களாக நீக்காவிட்டால் அடுத்த விண்டோஸ் கணினிக்குப் போய்த் தொற்றும். கிளாம்ஏவி என்ற வைரஸ் தேடும் நிரல் அவற்றைத் தேடித் தரும். ஒரு ஜிபிக்கு மேல் ராம் தின்னும் என்பதால் 4 ஜிபி பெட்டியில் கடை மூடும் நேரத்தில் ஓடவிடுங்கள். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைனை நிறுவினால் இந்த நன்மை பாதி போய்விடும். விண்டோஸுக்கு எழுதிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் (ரான்சம்வெயார்) வைன் வழியே உங்கள் ஹோம் கோப்புறையைப் பூட்டக் கூடும்.

குறைகளும் உண்டு. பயர்வோல் நிறுவியவுடன் அணைந்தே இருக்கிறது. மெனுவில் திறந்து ஒரு சுவிட்சைத் தள்ள வேண்டும். வட்டுக் குறியாக்கமும் (கடவுச்சொல் இல்லாமல் வட்டைப் படிக்க முடியாதபடி பூட்டுவது) தானாக வராது. மைக்ரோசொப்ட் கணக்கோடு அமைத்த புதிய விண்டோஸ் 11 லெப்டொப்பில் அது பெரும்பாலும் தானாகவே இயங்கும், ஆகவே திருட்டு பயம் உள்ள லெப்டொப்புக்கு அந்த வசதி விண்டோஸின் பக்கம். மின்ட்டில் நிறுவும்போதே அட்வான்ஸ்ட் பீச்சர்ஸ் பகுதியில் தெரிவு செய்யுங்கள். தவறவிட்டால் மறுபடி நிறுவுவதே எளிய வழி. மேலும் எக்ஸ்எப்சிஇ, திரையைக் காட்டும் பழைய எக்ஸ்11 முறையில் ஓடுவதால், ஒரு நிரலில் தட்டுவதை இன்னொரு நிரல் ஒட்டுக்கேட்க முடியும். கண்ட கண்ட மென்பொருளை ஏற்றாதிருக்க இதுவும் ஒரு காரணம்.

மலைநாட்டில் மழைக்காலத்து மின்வெட்டைக் கணக்கில் எடுக்காமல் எந்தக் கணினியையும் மதிப்பிட முடியாது. அப்டேட் நடுவில் கரண்ட் போனால் மென்பொருள் பொதிகள் அரைகுறையாக நிற்கும், புதிய கேர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) எழும்பாமலும் போகலாம். இயக்கும்போது எஸ்கேப் விசையை (பழைய பயோஸ் என்றால் ஷிப்ட்) அழுத்தி, எதைத் தொடக்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலை எடுங்கள். அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் பழைய கேர்னல் இருக்கும். அதன் ரிகவரி மோடில் டிபிகேஜி என்ற வரி அறுந்த பொதிகளைச் சீர்செய்யும். இயங்குதளத்தை முந்தைய நிலைக்குத் திருப்ப நகல் எடுத்து வைக்கும் டைம்ஷிப்டை முன்கூட்டியே போட்டு வையுங்கள், ஆனால் 120 ஜிபி எஸ்எஸ்டியில் இரண்டு நகலுக்கு மேல் வேண்டாம். வட்டு நிரம்பினால் உள்நுழையவே முடியாது. டைம்ஷிப்ட் வழமையாக ஹோம் கோப்புறையைத் தொடாது. வாடிக்கையாளர் கோப்புகளுக்குத் தனி பெக்கப் வேண்டும்.

மாறும் முன் பிரின்டரைப் பாருங்கள். கெனன் எல்பிபி 2900 போன்றவை செருகியவுடன் வேலை செய்யாது, தனி டிரைவர் தேடவேண்டி வரும். லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே பென் டிரைவிலிருந்து) மின்ட்டை ஓட்டி பிரின்டர், ஸ்கேனர், வை-பை மூன்றையும் சோதித்த பிறகே நிறுவுங்கள்.

பொதுக் கணினிக்கு மின்ட் தரும் மிகப் பெரிய உதவி கெஸ்ட் செஷன், அதாவது விருந்தினருக்கான தற்காலிக நுழைவு. லொகின் விண்டோ அமைப்பில் பயனர் பகுதிக்குப் போய் அனுமதித்தால் போதும். வருபவர் கடவுச்சொல் இல்லாமல் நுழைவார். லொக் அவுட் செய்தவுடன் அவருடைய படிவம், திறந்துவிட்ட பேஸ்புக், பிரவுசர் நினைவு எல்லாம் அழிந்துபோகும். டெஸ்க்டொப்பில் சேமித்த கோப்பும் சேர்ந்தே போகும், திரும்ப எடுக்க முடியாது. ஆகவே ‘வெளியேறும் முன் பென் டிரைவில் சேமியுங்கள்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மொனிட்டரின் மேல் ஒட்டிவிடுங்கள்.