இரவில் எந்த வைசர்? கிளியர், ஸ்மோக், உள் சன் வைசர், நிறம் மாறும் வைசர்

ஹெல்மெட் கடையில் ஒரே மாடலுக்கு நாலு விதமான வைசர் (முகத்துக்கு முன்னால் இறங்கும் கண்ணாடி) தொங்கும்: கிளியர், ஸ்மோக், கறுப்பு, கண்ணாடிபோல் மின்னும் மெர்குரி. பகல் வெளிச்சத்தில் போட்டுப் பார்த்து, அழகாக இருப்பதை வாங்கிவிடுகிறோம். பொழுது சாய்ந்து வீடு திரும்பும்போதும் தலையில் அதே வைசர்தான்.

கறுப்பு வைசர் போடுபவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “எதிரே வர்ற லாரி ஹை பீம் கண்ணைக் கூசுது.” கூச்சம் குறைவதாகத் தோன்றுவது உண்மை. ஆனால் வைசர் எதிர் வண்டியின் விளக்கை எத்தனை பங்கு குறைக்கிறதோ, அந்த விளக்குக்குப் பக்கத்தில் இருட்டில் நடந்து போகிறவரையும் அதே பங்கு குறைக்கிறது. விளக்கைப் பாதியாக்கிக்கொண்டு மனிதரை முழுசாகப் பார்க்க முடியாது. பகலில் தேவைக்கு மேல் வெளிச்சம் இருப்பதால் இந்த இழப்பு தெரிவதில்லை. இரவில் கண் ஏற்கெனவே தன் எல்லையில் வேலை செய்கிறது.

ஒரு தோராயக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். பார்த்து, உணர்ந்து, பிரேக்கில் கை வைக்க ஒன்றரை நொடி. அதற்குள் 25 மீட்டர் போயிருக்கும். காய்ந்த தார்ச் சாலையில் நன்றாகப் பிடித்து நிற்க இன்னும் 23 மீட்டர். மொத்தம் 48. டிம் விளக்கில், 85 சதவீத ஒளியை விடும் கிளியர் வைசர் வழியாக, விளக்கில்லாத மாட்டு வண்டி 50 மீட்டரில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், 50 சதவீத ஸ்மோக்கில் அதே அளவு தெரிய 38 மீட்டர் வரை நெருங்க வேண்டும். 20 சதவீதக் கறுப்பில் 24 மீட்டர். அதாவது, பிரேக்கைத் தொடும் முன்பே வண்டி மாட்டு வண்டியின் மேல் இருக்கும்.

இனி சட்டம். இங்கேதான் பெரிய குழப்பம். “70 சதவீதம் இருக்கணும்” என்று பலர் சொல்வது கார் கண்ணாடிக்கானது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதி முன், பின் கண்ணாடி 70 சதவீத ஒளியையும் பக்கக் கண்ணாடி 50 சதவீத ஒளியையும் விட வேண்டும் என்கிறது. ஹெல்மெட் வைசருக்கு அந்த விதி பொருந்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, தரத்துக்கு உட்பட்ட ஹெல்மெட்டை வார் மாட்டி அணியச் சொல்கிறது. வைசரின் நிறம் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. ஹெல்மெட் பற்றிய அந்தப் பிரிவை மீறினால் 194டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் உரிமத் தகுதியிழப்பு. 2021 ஜூன் 1 முதல் ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151 என்ற இந்தியத் தரமும் ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம்.

பிரிட்டனில் கோடு தெளிவாக இருக்கிறது. கண் பாதுகாப்புக்கென்றே 1999இல் வந்த விதிமுறைகள் உண்டு; 50 சதவீதத்துக்குக் குறைவாக ஒளி விடும் வைசர் அங்கே பகலிலும் சட்டவிரோதம். ஐரோப்பாவின் ஈசிஇ 22 ஹெல்மெட் தரம் பொதுவாக 80 சதவீத ஒளி கேட்கிறது. 50க்கும் 80க்கும் இடைப்பட்ட வைசரில் ‘பகலில் மட்டும்’ என்ற குறி இருக்க வேண்டும். நம் ஊரில் விற்கும் பல ஸ்மோக் வைசர்களின் ஓரத்திலும் ‘டே டைம் யூஸ் ஒன்லி’ என்று பொடி எழுத்தில் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நம் சட்டப் பிரிவு பேசாத இடத்தில் தயாரித்தவரே பேசியிருக்கிறார். விபத்து வழக்கில் உங்கள் கவனக்குறைவும் காரணம் என்று எதிர்த்தரப்பு வாதாட அந்த வரி ஒன்றே பிடியாகலாம்.

இரவு ஓட்டத்துக்குத் தேர்வுகளை எடுத்துக்கொண்டால், ஸ்மோக்கும் கறுப்பும் மெர்குரியும் முதலிலேயே கழிந்துவிடும். அவற்றைத் தூக்கிவிட்டு ஓட்டலாமே என்பார்கள். அறுபதில் வரும் வண்டு ஒன்று கண்ணில் பட்டால் போதும். மழைத்துளியே ஊசியாகக் குத்தும். மஞ்சள் வைசர் பளிச்சென்று காட்டுவதுபோல் இருக்கும், ஆனால் அது நீல ஒளியை வெட்டுகிறதே தவிர எதையும் சேர்ப்பதில்லை. கிளியர் வைசரில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது எல்லாவற்றிலும் மோசம்: கொப்புளம் வரும், பிய்த்தால் கீறல் தடுப்புப் பூச்சும் சேர்ந்து வரும்.

கிளியர் வைசரோடு உள்ளே இறங்கும் கறுத்த சன் வைசர் உள்ள ஹெல்மெட்தான் அன்றாடம் ஓட்டுபவருக்கு எங்கள் முதல் தேர்வு. இடது கையால் ஒரு நொடியில் ஏற்றி இறக்கலாம். சுரங்கப் பாதைக்குள் நுழையும்போது இதன் அருமை தெரியும். வாங்கும்போது பத்து முறை இழுத்துப் பாருங்கள். மலிவான மாடலில் ஸ்பிரிங் தளர்ந்து பாதியில் நிற்கும், தூசி ஏறினால் இறுகும், சிலருக்கு மூக்கில் இடிக்கும். இறக்கியதை மறந்து இருட்டில் ஓட்டுவதும் நடக்கிறது. இரண்டு அடுக்கும் சேர்ந்தால் உள்ளே வரும் ஒளி 20 சதவீதத்துக்கும் கீழே போகலாம்.

நிறம் மாறும் வைசர் புற ஊதாக் கதிரில் கறுத்து, அது இல்லாதபோது தெளிகிறது. இரவுக்கு நல்லதுதான். ஆனால் தெளிய அரை நிமிடம் முதல் சில நிமிடங்கள் ஆகும், சுரங்கம் அதுவரை காத்திருக்காது. வெப்பநிலையும் விளையாடும்: சென்னை மே மாத வெயிலில் போதுமான அளவு கறுக்காது, ஊட்டிக் குளிரில் நன்றாகக் கறுத்துத் தெளியத் தாமதிக்கும். விலையும் அதிகம், சாயம் ஆண்டுகள் போகப் போக வலுவிழக்கும்.

இருக்கிற ஹெல்மெட்டையே வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு இரண்டு வைசர் வழி போதும். அதே மாடலுக்கான கிளியர் வைசர் ஒன்றை வாங்கி, மென்மையான துணிப்பையில் வண்டியிலேயே வையுங்கள். வெறும் பெட்டியில் சாவியோடும் ஸ்பேனரோடும் போட்டால் கீறிவிடும். கீறல் விழுந்த கிளியர் வைசர் எதிர் விளக்கைச் சிதறடித்து வெள்ளைத் திரை போடும்; கூச்சத்துக்கு உண்மையான காரணம் பலருக்கு இதுதான். பெட்ரோல், தின்னர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வைசரின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் படக் கூடாது. காய்ந்த பூச்சியை ஈரத் துணியால் பத்து நிமிடம் ஊறவைத்து, சோப்புத் தண்ணீரில் விரலால் தடவி எடுங்கள். வைசரை மாற்றியதும் இரண்டு பக்கமும் ‘டக்’கென்று உட்கார்ந்ததா என்று மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு பக்கம் சரியாக மாட்டாத வைசர் எண்பதில் காற்றோடு போய்விடும்.