வால்வு ஆம்பில் ஹம் இயல்புதான் என்றார், எர்த் ஒயரை வெட்டிக் கொடுத்தார்

முதலில் அவசரமான விஷயம். கையால் செய்த வால்வு கிடார் ஆம்பைத் தெரிந்தவர் மூலமாக வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்றால், இன்றே ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ப்ளக்கின் பெரிய பின்னுக்கும் (அதுதான் எர்த்) ஆம்பின் உலோகச் சேசிஸுக்கும் இடையில் அளந்து பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். தொடர்பே இல்லை என்று காட்டினால் மறுபடி கரண்டில் போடாதீர்கள். என் ஆம்பில் தொடர்பே இல்லை. அதை நான்கு மாதம் வாசித்திருக்கிறேன்.

சென்னையில் ஒருவரிடம் சொல்லிச் செய்தது. 1950களின் ஃபெண்டர் ட்வீட் டீலக்ஸ், 5இ3 சர்க்யூட். வால்வுகள்: இரண்டு 6வி6, ஒரு 12ஏஒய்7, ஒரு 12ஏஎக்ஸ்7, ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபயருக்கு 5ஒய்3. பத்துப் பன்னிரண்டு வாட்தான், ஆனால் அந்தச் சத்தத்துக்காக எத்தனையோ வருடம் காத்திருந்தேன். 68,000 ரூபாய் பேசி, 40,000 முன்பணம் கொடுத்தேன். இரண்டு மாதம் என்றவர் ஐந்து மாதம் இழுத்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் போட்டதும் ஹம். வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் ஒரு உறுமல் நின்றது, கூட்டினால் அதன்மேல் இன்னொன்று ஏறியது. போன் செய்தேன். "ப்ரோ, வால்வு ஆம்ப்னா ஹம் இருக்கத்தான் செய்யும், அதுதான் வின்டேஜ்" என்றார். விடாமல் கேட்டதால் திருப்பி அனுப்பச் சொன்னார். பத்து நாள் கழித்து, 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, "கிரவுண்ட் லூப் எடுத்துட்டேன்" என்று, அதாவது எர்த் இரண்டு வழியில் சுற்றி ஹம் பிடிப்பதைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்லிக் கொடுத்தார். ஹம் கொஞ்சம் குறைந்திருந்தது. நானும் நம்பிவிட்டேன்.

பிறகு ஒரு ஒத்திகையில், கிடார் கம்பியில் கை இருக்க, பாடுவதற்காக மைக்கில் உதடு பட்டது. சுளீரென்று அடித்தது. தலை தானாகப் பின்னால் போனது. மைக் மிக்சர் வழியாக ஒழுங்காக எர்த் ஆகியிருந்தது. கரண்ட் என் ஆம்பிலிருந்து கம்பி வழியாக வந்து, என் உடம்பு வழியாக மைக்குக்குப் போயிருக்கிறது.

அப்புறம்தான் திருச்சியில் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். கல்யாண மைக் செட் ஆம்ப்கள் எல்லாம் வால்வில் ஓடிய காலத்திலிருந்து பழுது பார்ப்பவர். உள்ளே கையை விடுவதற்கு முன் ஒரு ரெசிஸ்டரை வைத்து பெரிய கண்டென்சர்களின் சார்ஜை இறக்கினார். 350 வோல்ட்டுக்கு மேல் ஓடும் பெட்டி இது, ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே தேங்கி நிற்கும். தெரியாதவர்கள் திறக்கவே வேண்டாம்.

அவர் காட்டியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதெல்லாம் படத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் ஒயர்கள் முறுக்கப்படவே இல்லை. 6.3 வோல்ட் ஏசி ஓடும் இரண்டு ஒயரையும் இறுக்கமாக முறுக்கினால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். முறுக்கி, சேசிஸின் மூலையை ஒட்டிக் கொண்டுபோக வேண்டும், வால்வுக்குள் சிக்னல் நுழையும் கிரிட் ஒயரைக் கடக்க நேர்ந்தால் நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். என் ஆம்பில் அவை தனித்தனியாகத் தளர்ந்து, முதல் வால்வின் கிரிட் ஒயரோடு ஒன்றாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அவர் ஆம்பை ஓடவிட்டு, காய்ந்த மூங்கில் குச்சியால் அந்தக் கட்டை நகர்த்த நகர்த்த, ஹம் ஏறி இறங்கியது. ஐந்து மாதம் செய்த வேலையின் குறை ஐந்து நொடியில் காதுக்குக் கேட்டது.

கிடார் வாசிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். ஹம் அதற்குக் கொஞ்சம் மேலே கேட்டால் அது 100 ஹெர்ட்ஸ், பவர் சப்ளை பக்கத்துக் கோளாறு. அதற்கு ஒரு ஆக்டேவ் கீழே கேட்டால் 50, பெரும்பாலும் ஹீட்டர் ஒயர். என் ஆம்பில் இரண்டும் இருந்தன. 100க்கும் காரணம் கிடைத்தது. டிரான்ஸ்ஃபார்மரின் ஹை வோல்டேஜ் சுற்றின் நடுவிலிருந்து வரும் ஒயர் (சென்டர் டேப்) நேராக முதல் ஃபில்டர் கண்டென்சரின் நெகட்டிவ் முனைக்குப் போக வேண்டும். இவர் அதை வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் ஈயம் வைத்து ஒட்டியிருந்தார். கண்டென்சரை நிரப்பும் கரண்ட் நொடிக்கு நூறு தடவை கிடார் சிக்னல் திரும்பும் கிரவுண்டு வழியாகவே ஓடிக்கொண்டிருந்தது. இன்புட் ஜாக்கிலிருந்து வரும் ஷீல்டு ஒயரின் வலையை இரண்டு முனையிலும் கிரவுண்டு செய்திருந்தார். ஒரு முனையில் மட்டும் செய்தால்தான் அது கவசம், இரண்டிலும் செய்தால் டிரான்ஸ்ஃபார்மரின் புலத்தைப் பிடிக்கும் வளையம்.

இதையெல்லாம் திறமைக் குறைவு என்று விட்டுவிடுவேன். அடுத்ததை விட முடியாது.

மூன்று பின் ப்ளக், மூன்று கோர் ஒயர், எல்லாம் வெளியே சரியாக இருந்தது. உள்ளே எர்த்துக்கான பச்சை ஒயர் வெட்டப்பட்டு, முனையில் டேப் சுற்றியிருந்தது. "தம்பி, இது அறுந்தது இல்ல, கட்டிங் பிளேயர்ல நறுக்கினது" என்றார் பெரியவர். என்னிடம் 3,500 ரூபாய் வாங்கிச் செய்த ரிப்பேர் இதுதான். போதாததற்கு, இரண்டு பின் ப்ளக் காலத்து அமெரிக்க ஆம்ப்களில் இருந்த ஒரு பழக்கத்தையும் அப்படியே நகல் எடுத்திருந்தார்: மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு ஒரு 0.05 மைக்ரோஃபாரட் கண்டென்சர். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நல்ல நிலையில் இருக்கும்போதே மூன்றரை மில்லியாம்பியர் அதன் வழியே சேசிஸுக்கு வரும். என் உதட்டில் அடித்தது அதுதான். அது ஷார்ட் ஆகியிருந்தால் முழு 230 வோல்ட்டும் கிடார் கம்பியில் நின்றிருக்கும். 1972இல் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி, வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில், கையில் கிடாரோடு எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். அவருக்கு வயது 27.

பெரியவர் அந்தக் கண்டென்சரைப் பிடுங்கி எறிந்தார். எர்த் ஒயருக்கு, கரண்ட் உள்ளே வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே தனி போல்ட், பல்வைத்த வாஷர், லாக் நட் போட்டார். ஈயத்தை மட்டும் நம்பி எர்த் கொடுக்கக் கூடாது என்றார். ஹீட்டர், கிரவுண்டு ஒயர்கள் எல்லாவற்றையும் புதிதாக இழுத்தார். பின்பலகையின் உட்புறத்தில் ஒட்டியிருந்த ஃபாயில் எதையும் தொடாமல் சும்மா இருந்தது, அதையும் சேசிஸோடு சேர்த்தார். மூன்று நாள் வேலை, 4,000 ரூபாய். எர்த் இருக்கும்போதே இப்போது ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் ஹம் கேட்கிறது.

செய்தவருக்குப் படங்களை அனுப்பினேன். பணம் வேண்டாம், இதுவரை வாங்கியவர்களைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. போன வாரம் அடுத்த ஆம்பின் படம் போட்டிருக்கிறார். துணி ஒட்டிய பெட்டி மட்டும்தான் தெரிகிறது. அதற்கு முன்பணம் கொடுத்தவர் இதைப் படித்தால், மீதியைக் கொடுப்பதற்கு முன் சேசிஸின் உள்ளே எடுத்த படத்தைக் கேளுங்கள். பச்சை ஒயர் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்.