மாதவிலக்குக்கு முன் மார்பு வலி: மாத்திரையா, ஜெல்லா, நல்ல பிராவா?

29சி பேருந்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கைப்பையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். நானும் மாதத்தில் ஒரு வாரம் அப்படித்தான் வருவேன். இரண்டு பக்கமும் கனத்து, அக்குள் வரை இழுக்கும். பீரியட்ஸ் வந்ததும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். கருமுட்டை வெளியான பிறகு ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்தால் மார்பகத் திசு வீங்குவதுதான் இதற்குக் காரணம்.

இதற்கு ஆளுக்கொரு வழி சொல்வார்கள். என் கணக்கில் முதலிடம் பிராவுக்கு. பலரும் கல்லூரி நாளில் வாங்கிய அதே அளவையே கேட்டு வாங்குகிறோம். ரங்கநாதன் தெருப் பக்கம் ஒரு கடையில், அங்கிருந்த அக்கா இன்ச் டேப்பைச் சுடிதாருக்கு மேலேயே மார்புக்குக் கீழே ஒரு சுற்று, மேலே ஒரு சுற்று வைத்துப் பார்த்துவிட்டு, "பட்டி லூசும்மா, கப்பு சின்னது" என்றார். இரண்டுமே தப்பு! பட்டி முதுகில் மேலே ஏறாமல் நேராக நிற்க வேண்டும். எடையைத் தாங்குவது அதுதான், தோள் வார் இல்லை. வலிக்கிற வாரத்தில் கம்பி வைத்ததை ஒதுக்கிவிட்டு, தூங்கும்போதும் மெல்லிய பருத்தி பிரா போட்டுப் பாருங்கள். ஒருமுறை செலவு, பக்கவிளைவு இல்லை.

அதற்கும் அடங்கவில்லையென்றால் மாத்திரையா, ஜெல்லா? நான் ஜெல் பக்கம். டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணி ஜெல்லை வலிக்கிற இடத்தில் தடவினால் இரத்தத்தில் கலப்பது மாத்திரையைவிட மிகக் குறைவு. மார்பக வலிக்கு அது பலன் தருவதாக ஆய்வுகளும் உண்டு. இபுப்ரோஃபென் மாத்திரையும் கேட்கும். ஆனால் சாப்பிட்ட பிறகே போட வேண்டும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்குவாக இருக்கலாம், அப்போது அதைத் தொடவே கூடாது, பாராசிட்டமால்தான். கர்ப்பமோ, தாய்ப்பால் கொடுப்பதோ இருந்தால் ஜெல்லுக்கும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒத்தடத்தில் சூடா குளிர்ச்சியா என்பதற்குச் சண்டையே வேண்டாம். எது இதமோ அது.

அப்புறம் ஈவினிங் பிரிம்ரோஸ் என்ற பூச்செடியின் விதை எண்ணெய் கேப்ஸ்யூல். என் அண்ணி மாதக்கணக்கில் விழுங்கினார். காசு போனதுதான் மிச்சம். பிரிட்டனில் மார்பக வலிக்கான மருந்தாக அதற்கு இருந்த உரிமத்தை, பலனுக்குப் போதிய ஆதாரம் இல்லையென்று 2002-இலேயே ரத்து செய்துவிட்டார்கள். இங்கே இன்னமும் எழுதிக் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம்தான். காபியை நிறுத்தச் சொல்வதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. காலை ஃபில்டர் காபியை விட்டுத் தலைவலியோடு உட்கார்ந்திருப்பதைவிட, இரண்டு மாதம் குறைத்துப் பார்த்து, வித்தியாசம் தெரிந்தால் மட்டும் தொடருங்கள்.

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் குறித்து வைக்க வேண்டும். நான் சமையலறை மாதக் காலண்டரில் வலித்த நாளுக்கு ஒரு புள்ளி, தாங்க முடியாத நாளுக்கு இரண்டு, பீரியட்ஸ் தொடங்கிய நாளுக்கு வட்டம் போடுவேன். மூன்று மாதத் தாளைக் கிழிக்காமல் வைத்திருந்தாலே புள்ளிகள் வட்டத்துக்கு முன்னால் கூடுகின்றனவா என்று தெரிந்துவிடும்.

கூடவில்லையென்றால், அதாவது ஒரே பக்கம், ஒரே இடத்தில் எந்த நாளும் வலித்தால், டாக்டரிடம் போங்கள். பீரியட்ஸ் முடிந்தும் கரையாத கட்டி, காம்பில் இரத்தம், தோல் குழிவது, சிவந்து காய்ச்சல் என்றால் காலண்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். கூச்சப்பட்டு "நெஞ்சு வலி" என்று சொன்னால் இசிஜி எடுக்க அனுப்புவார்கள். "மார்பகத்தில் வலி" என்றே சொல்லுங்கள். வலி மட்டும் இருந்து, கட்டி எதுவும் இல்லையென்றால், அது புற்றுநோயாக இருப்பது அரிது.

மாதாமாதம் வேலையைக் கெடுக்கும் அளவு வலிப்பவர்களுக்கு ஓர்மெலாக்சிஃபென் என்ற மாத்திரையை இங்குள்ள டாக்டர்கள் எழுதித் தருவதுண்டு. லக்னோ ஆய்வகத்தில் உருவாகி, 'சஹேலி' என்ற பெயரில் கருத்தடைக்கு வந்த அதே மருந்துதான். பீரியட்ஸைத் தள்ளிப்போடும், குழந்தைக்கு முயற்சிப்பவர்களுக்குப் பொருந்தாது. தோழிக்குப் பலன் தந்தது என்று சீட்டில்லாமல் வாங்கிப் போடாதீர்கள்.