கேஸ் ஏஜென்சிக்கு ஒரு ஸ்டார், இலவச வக்கீலுக்கு நாலு

எங்கள் சித்தி வீட்டுக்கு சிலிண்டர் போடுகிற ஏஜென்சிக்கு ஒரு ஸ்டார். அந்த ஒன்றும், புக் பண்ணினால் மறுநாளே கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள் என்பதற்காக. பெயர் போடவில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

மார்கழி மாதம், ஒரு சாயந்திரம் சிலிண்டர் வந்தது. நாம் கேட்டால் கொண்டுவருகிறவர் எடை போட்டுக் காட்ட வேண்டும், சீலை உடைத்து மூடியைக் கழற்றி வால்வில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். இவர் உருட்டிக்கொண்டு வந்து வைத்தார், பில்லுக்கு மேல் ஐம்பது ரூபாய் வாங்கினார், போய்விட்டார். ராத்திரி பழையது தீர்ந்ததும் சித்தப்பா புதியதை மாட்டினார். வால்வுக்குள் இருக்கிற கறுப்பு ரப்பர் வாஷர், சுண்டுவிரல் நகம் அளவு சாமான், ஒரு பக்கம் விண்டுபோயிருந்தது. அது எங்களுக்குத் தெரிந்ததே நாலு நாள் கழித்துத்தான். படுக்கப் போகும்போது ரெகுலேட்டரை அணைக்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை, அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

கொசுவுக்காக ஜன்னல் சாத்தியிருந்தது. சித்திக்கு ஜலதோஷம், கேஸ் வாடையே தெரியவில்லை. விடியற்காலை அஞ்சரைக்குப் பால் காய்ச்ச லைட்டரைத் தட்டியதும் குப்பென்று பிடித்துக்கொண்டது.

தெருவே சிலிண்டர் வெடித்துவிட்டது என்று பேசியது. சிலிண்டர் மூலையில் அப்படியே முழுசாக நின்றுகொண்டிருந்தது. பற்றியது அறைக்குள் பரவியிருந்த கேஸ். சமையல் கேஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது, காற்றைவிடக் கனம், அதனால் தண்ணீர் மாதிரி தரையோடு தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். சித்திக்கு முகத்தில் லேசாகத்தான் பட்டது, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை தோல் உரிந்துவிட்டது. முதலில் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி, அப்புறம் கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரி தீக்காய வார்டு.

இப்போது ஏஜென்சிக்கு வருகிறேன். மூன்றாம் நாள் ஒருவர் வந்தார், அடுப்பைப் பார்த்தார், "டியூப் வெளியில வாங்கினது போல இருக்கே, அப்படின்னா நாங்க பொறுப்பில்லை" என்றார். ஆரஞ்சு டியூப், போன வருஷம் இவர்களே விற்றது, பில் கேஸ் புக்கிலேயே பின் அடித்து இருந்தது. சித்தப்பா அதை எடுத்து நீட்டியதும் மேனேஜரிடம் பேசுகிறேன் என்று கிளம்பியவர்தான். அந்த பில் இல்லாவிட்டால் எங்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அவர்கள் வாயே திறக்காத விஷயம் ஒன்று உண்டு. நம் பேரில் இருக்கிற ஒவ்வொரு கேஸ் இணைப்புக்கும் எண்ணெய் நிறுவனங்களே இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்திருக்கின்றன, நாம் ஒரு பைசா பிரீமியம் கட்டுவதில்லை. உயிர் போனால் ஆளுக்கு 6 லட்சம், சிகிச்சைக்கு ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம் வரை, அதில் ஆளுக்கு அதிகபட்சம் 2 லட்சம், பதிவு செய்த முகவரியில் வீடு சேதமானால் 2 லட்சம் வரை. நாம் இன்ஷூரன்ஸ் கம்பெனியைத் தேடிப் போக வேண்டியதில்லை, ஏஜென்சிக்கு எழுத்தில் கொடுத்தால் அவர்கள் எண்ணெய் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும், மற்றது அங்கிருந்து நடக்கும். எங்கள் கடிதத்தை வாங்கிக்கொண்டு முத்திரை குத்தவே மூன்று முறை அலையவிட்டார்கள்.

இதற்கிடையில் தனியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு வக்கீல், வழக்கை அவரிடம் ஒப்படைக்கக் கையெழுத்து வாங்குகிற வக்காலத்துத் தாளோடு வந்து நின்றார், வருகிற பணத்தில் நூற்றுக்கு முப்பது தனக்கு என்றார். வெளிநாட்டில் அப்படி வாங்கலாமாம். இங்கே வழக்கில் பங்கு பேசக்கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. யாராவது அப்படி வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நாங்கள் போனது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலிருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலே வழி சொல்கிறார்கள். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் வக்கீல் இலவசம், சட்டத்திலேயே இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு சின்ன வயது வக்கீலம்மா. முதல் நாளே நாலு விஷயம் கேட்டார்: புகாரை வாங்கிக்கொண்டதற்குப் போலீசில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது, மருத்துவ பில்லெல்லாம் ஒரிஜினல், டிஸ்சார்ஜ் அட்டை, அந்த வாஷர். வாஷரைச் சித்தப்பா பழைய விபூதி டப்பாவில் போட்டு வைத்திருந்தார், நல்லவேளை.

அவர் அனுப்பிய ஒரு நோட்டீசில் ஏஜென்சிக்கு எங்கிருந்தோ நினைவு வந்து, மேலே அறிக்கை போனது. ஏழு மாதத்தில் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதி வந்துவிட்டது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கும் வலிக்கும் தனியாக நுகர்வோர் ஆணையத்தில் போட்டிருக்கிறோம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கட்டணம் நாம் கேட்கிற நஷ்டஈட்டை வைத்து இல்லை, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான், சிலிண்டர் விலைக்கு அது பூஜ்யம். வக்கீலம்மாவுக்கு ஒரு ஸ்டார் குறைத்தது போனை எடுக்கவே மாட்டார் என்பதால், வேறு குறையில்லை.

வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ஃபேன்கூடப் போடாமல், ரெகுலேட்டரை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906க்குக் கூப்பிடுங்கள். சிலிண்டர் வளையத்தின் உள்பக்கம் ஏ, பி, சி, டி என்று எழுத்தும் வருஷமும் இருக்கும், மறுசோதனைக் கெடு அது. டி என்றால் அந்த வருஷம் டிசம்பர் வரை. தாண்டியிருந்தால் வாங்காதீர்கள்.

சித்தி இப்போது இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறிவிட்டார். இட்லிக்கு மட்டும் கேஸ், அதையும் சித்தப்பாதான் பற்றவைக்க வேண்டும், சித்தி ஹாலிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி.