சமூக நிபந்தனையை டெண்டரில் எங்கே வைப்பது? ஐரோப்பிய ஆணையத்தின் வழிகாட்டி: ஒரு மதிப்புரை

சமூக நோக்கங்களோடு அரசுக் கொள்முதல் செய்வது குறித்து ஐரோப்பிய ஆணையம் 2021-இல் வெளியிட்ட ‘Buying Social’ வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பதிப்பு 2014/24 கொள்முதல் டைரக்டிவுக்கு (ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தம் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய பொது விதித்தொகுப்புக்கு) முந்தையது. அதை இன்னும் கையில் வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட்டுவிடலாம். நகராட்சியிலோ மருத்துவமனையிலோ உட்கார்ந்து டெண்டர் ஆவணம் எழுதுபவருக்கும், அந்த டெண்டருக்குப் போட்டியிடும் நிறுவனத்துக்கும் இது உதவும். கொள்முதல் சட்டத்துக்கே புதியவர் டைரக்டிவைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

திட்டமிடலில் தொடங்கி ஒப்பந்தம் நிறைவேறும் வரை கட்டம் கட்டமாகப் போவதுதான் இதன் பலம். சமூக நிபந்தனைகளில் பல அடிபடுவது நோக்கம் தவறு என்பதால் அல்ல, தவறான கட்டத்தில் வைக்கப்பட்டதால். துப்புரவுப் பணிக்கான டெண்டரை எடுத்துக்கொள்வோம். மொத்த வேலை நேரத்தில் 10 சதவீதத்தை நீண்டகாலம் வேலையில்லாதவர்களுக்குத் தர வேண்டும் என்பதை டைரக்டிவின் 70-ஆம் பிரிவின்படி செயலாக்க நிபந்தனையாக, அதாவது ஒப்பந்தத்தை நிறைவேற்றும்போது பின்பற்ற வேண்டியதாக, வைக்கலாம். அது டெண்டர் ஆவணத்திலேயே இருக்க வேண்டும்; கையெழுத்தான பிறகு நுழைத்தால் ஒப்பந்த மாற்றம் என்ற சிக்கல் வரும். அவர்களுக்கான பயிற்சித் திட்டத்தின் தரத்துக்கு மதிப்பெண் தரவும் தடையில்லை. ஆனால் இதுவரை எத்தனை வேலையற்றோரைச் சேர்த்தீர்கள் என்று தகுதிச் சுற்றில் கேட்டால் நிற்பது கடினம். தொழில் செய்யும் தகுதி, நிதி நிலை, தொழில்நுட்பத் திறன் என்ற மூன்றை மட்டுமே 58-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பலர் கவனிக்காத ஒரு வழி உண்டு: விநியோகச் சங்கிலியைக் கண்காணிக்கும் ஏற்பாட்டைத் தொழில்நுட்பத் திறனுக்குச் சான்றாகக் கேட்கலாம். சீருடை, கணினி வாங்குபவர்களுக்கு இது நல்ல ஆயுதம். வேலை உள்ளூர்க்காரருக்கே என்று எழுதுவது மட்டும் எந்தக் கட்டத்திலும் ஆபத்து. பாகுபாடு என்று வழக்கு வரும்.

அடுத்த பொறி, ஒப்பந்தப் பொருளோடு தொடர்பு இருக்க வேண்டும் என்ற விதி. நிறுவனத்துக்குப் பொதுவான சமூகப் பொறுப்புக் கொள்கை இருக்கிறதா என்று கேட்கக் கூடாது என டைரக்டிவின் முன்னுரைப் பத்தி 97 நேராகவே சொல்கிறது. இருந்தும் டெண்டர்களில் அந்தக் கேள்வி தலைகாட்டிக்கொண்டேதான் இருக்கிறது.

பொருள் சில தரங்களுக்கு உட்பட்டது என்று காட்டும் முத்திரைச் சான்றிதழ் பற்றிய பகுதியை இரண்டு முறை படிக்கலாம். நெதர்லாந்தின் வட ஹாலந்து மாகாணம் காபி இயந்திரங்களுக்கான டெண்டரில் நியாய வணிக முத்திரையையும் இயற்கை வேளாண்மை முத்திரையையும் பெயர் சொல்லியே எழுதியது. 2012-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அப்படிப் பெயரைப் போட்டதைத் தவறென்றது. காபி நியாய வணிகத்தில் வந்ததா என்பதற்கு மதிப்பெண் தரலாம் என்பதையோ ஏற்றுக்கொண்டது. 2014 டைரக்டிவின் 43-ஆம் பிரிவு இதைத் தளர்த்தியது. முத்திரையின் எல்லா நிபந்தனைகளும் வாங்கும் பொருளோடு தொடர்புடையவையாக, சரிபார்க்கக்கூடியவையாக, சுதந்திரமான மூன்றாம் தரப்பு வகுத்தவையாக இருப்பது உள்ளிட்ட தேவைகள் நிறைவேறினால் முத்திரையையே கேட்கலாம். இணையான முத்திரையையும் ஏற்க வேண்டும். நிறுவன நிர்வாகம் பற்றிய ஒரே ஒரு நிபந்தனை அதில் கலந்திருந்தாலும் முத்திரையைக் கேட்க முடியாது. பொருந்தும் நிபந்தனைகளை மட்டும் உருவி ஆவணத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். முத்திரையின் விதித்தொகுப்பை முழுதாகப் படிக்காமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

ஊதிய நிபந்தனைதான் மிகச் சிக்கலானது. இங்கே வழிகாட்டியோடு ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தொழிற்சங்கமும் முதலாளிகளும் பேசி முடித்த, ஆனால் அந்தத் துறையில் எல்லோரையும் கட்டுப்படுத்தாத கூட்டு ஒப்பந்தக் கூலியை அரசு ஒப்பந்தங்களுக்கு மட்டும் திணித்தது 2008-இல் ருஃபெர்ட் வழக்கில் விழுந்தது. முழு வேலையும் போலந்திலேயே நடக்கும்போது, ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரம் கேட்ட மணிக்கு 8.62 யூரோ குறைந்தபட்சக் கூலி 2014-இல் விழுந்தது. ஜெர்மனியின் ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலச் சட்டமே நிர்ணயித்த 8.70 யூரோ 2015-இல் நின்றது. கூலி எங்கிருந்து வருகிறது, வேலை எங்கே நடக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லாமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

ஒதுக்கீடு எளிது. ஊழியர்களில் குறைந்தது 30 சதவீதம் மாற்றுத்திறனாளிகள் அல்லது பின்தங்கியோராக உள்ள அமைப்புகளுக்கு 20-ஆம் பிரிவின் கீழ் போட்டியை ஒதுக்கலாம். சில சுகாதார, சமூக, பண்பாட்டுச் சேவைகளை ஒதுக்க வழிசெய்யும் 77-ஆம் பிரிவில் ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது.

குறைக்கு வருவோம். கையெழுத்துக்குப் பிந்தைய பகுதி, முந்தையவற்றோடு ஒப்பிட்டால் மெலிந்திருக்கிறது. யார் சரிபார்ப்பது, எந்த ஆவணத்தை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கேட்பது, தவறினால் எவ்வளவு பிடிப்பது என்பதை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். பெயர் மறைத்த ஊதியப் பட்டியலும் வேலை நேரப் பதிவேடும் இல்லாமல் அந்த 10 சதவீதம் காகிதத்திலேயே நின்றுவிடும். துணை ஒப்பந்ததாரரையும் அதே கடமைக்குள் கொண்டுவரும் வரி விடுபடுவதும் வழக்கமான ஓட்டை. அசாதாரணமாகக் குறைந்த விலைக்குக் காரணம் தொழிலாளர் சட்டத்தை மீறியதுதான் என்று தெரிந்தால் 69-ஆம் பிரிவின்படி நிராகரித்தே ஆக வேண்டும். அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டதல்ல.

வழிகாட்டி சட்டமல்ல, இறுதி விளக்கம் நீதிமன்றத்துடையது. 2021-க்குப் பிறகு வந்தவையும் இதில் இல்லை. போதிய குறைந்தபட்ச ஊதியம் பற்றிய 2022/2041 டைரக்டிவின் 9-ஆம் பிரிவு அரசுக் கொள்முதலைப் பற்றியது. கட்டாய உழைப்பால் உருவான பொருள்களைத் தடுக்கும் 2024/3015 ஒழுங்குமுறை 2027 டிசம்பர் 14 முதல் நடைமுறைக்கு வருகிறது. அந்தத் தேதியைத் தாண்டி ஓடும் வழங்கல் ஒப்பந்தம் எழுதுபவர்கள் இதையும் கையோடு எடுத்துக்கொள்ளட்டும்.