பின் சீட்டை ‘சோபா மாதிரி’ ஆக்கித் தருகிறோம் என்பவர்களிடம் காரை விடும் முன்

பின் சீட்டில் ஃபோம் மாற்றக் கொடுத்து ஏமாந்த அல்சூர்க் குடும்பம் ஒன்றின் காரைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தவை இவை. பெங்களூரில் ஜே.சி. ரோட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் சீட் வேலைக் கடைகள் நிறைய. நல்ல கைவேலைக்காரர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். கடையின் பெயரைப் போடாததற்குக் காரணம், இதே வேலையை இதே மாதிரி செய்கிற கடைகள் பல இருப்பதுதான். ஏமாற்று நடக்கிற இடம் எல்லாவற்றிலும் ஒன்றே: உறைக்கு உள்ளே.

கார் ஒரு சிறிய செடான். வீட்டில் வயதான அம்மா. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி. மாதா மாதம் வேலூர் போய்வர வேண்டும், கிருஷ்ணகிரி வருவதற்குள் இடுப்பு கடுக்கிறது. கடையில் சொன்ன தீர்வு: பின் சீட்டை இரண்டு இன்ச் உயர்த்தி, முன் விளிம்பில் தை சப்போர்ட் (தொடைக்குத் தாங்கல்) கொடுத்து, 50 டென்சிட்டி ஹெச்.ஆர். (ஹை ரெசிலியன்ஸ், அதாவது துள்ளல் அதிகமுள்ள) ஃபோம் போட்டு, சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, மேலே நப்பா லெதர் என்கிற மிருதுவான தோல். மொத்தம் 26,000 ரூபாய். காலையில் வண்டியை விட்டால் சாயந்திரம் எடுத்துக்கொள்ளலாம். பேசியது தமிழில், ‘நம்ம ஆளு’ என்கிற நம்பிக்கையில் யாரும் எழுதி வாங்கவில்லை. கொடுத்த துண்டுச் சீட்டில் ‘சீட் வொர்க்’ என்று இரண்டே சொல்.

இரண்டு மாதத்தில் நடுப்பகுதி பள்ளமாகிவிட்டது. அம்மாவுக்கு இடுப்பு வலியோடு காலும் வீங்க ஆரம்பித்தது. மேடு பள்ளத்தில் சாய்மானம் ‘டக் டக்’ என்று அடித்தது. இடது பக்க பெல்ட் பக்கிள் ஃபோமுக்குள் அமுங்கிப்போய், விரலை விட்டுத் தோண்டினால்தான் கிடைத்தது.

உறையைக் கழற்றியதும் முதலில் வந்தது பசையின் நெடி. மேலே இளம் மஞ்சள் ஃபோம் இரண்டு இன்ச். கட்டைவிரலால் அழுத்தினால் அடி வரை போகிறது, எடுத்த பிறகு குழி நிதானமாகத்தான் நிரம்புகிறது. அதன் கீழே பச்சை, நீலம், வெள்ளை, ரோஸ் என்று பொடிப்பொடித் துண்டுகளைச் சேர்த்து அழுத்திய பலகை. அதுதான் ரீபாண்டட்: ஃபோம் கழிவை அரைத்துப் பசையில் கெட்டிப்படுத்தியது. மெத்தைக்கு அடியில் போட நல்ல சரக்கு. கார் குஷனில் மனிதர் உட்காரும் இடத்தில் போடுவதற்கில்லை. மேலே உள்ள மெத்தென்ற ஃபோம் அமுங்கியதும் இடுப்பெலும்பு நேராக இந்தப் பலகையில் போய் உட்காரும். கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கும்போது இது தெரியாது. ‘ஆஹா, என்ன சாஃப்ட்’ என்றுதான் தோன்றும்.

டென்சிட்டி விஷயத்தில் ஏமாறாமல் இருக்க ஒரு தராசு போதும். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது. நீளம், அகலம், கனம் மூன்றையும் மீட்டரில் பெருக்குங்கள். வந்ததை டென்சிட்டியால் பெருக்கினால் எடை. 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனமுள்ள துண்டு 0.03 கன மீட்டர். அது 50 டென்சிட்டி என்றால் ஒன்றரைக் கிலோ இருக்க வேண்டும், 40 என்றால் 1.2 கிலோ. இந்தக் காரில் அதே அளவுத் துண்டு 700 கிராம் கூட இல்லை. அதாவது 23 டென்சிட்டி. தலையணைக்கும் பேக்கிங்குக்கும் போகிற வகை.

எடை சரியாக இருப்பதாலேயே சரக்கு சரி என்றும் ஆகிவிடாது. ரீபாண்டட் எடை கூடுதலாகவே நிற்கும். சுண்ணாம்புத் தூள் கலந்து எடை ஏற்றிய ஃபோமும் சந்தையில் உண்டு. வெட்டு முகத்தைக் கறுப்புத் துணியில் அழுத்தித் தேய்த்தால் வெள்ளைத் தூள் உதிரும். டென்சிட்டி வேறு, கடினம் வேறு என்பதும் நினைவில் இருக்கட்டும். டென்சிட்டி நல்ல ஃபோம் மெத்தென்றும் இருக்கலாம், அது சீக்கிரம் அமுங்காது என்பதுதான் அதன் லாபம். ஹெச்.ஆர். என்று சொன்னால் துள்ளல் இருக்க வேண்டும். 16 மி.மீ. பேரிங் குண்டு ஒன்றை அரை மீட்டர் உயரத்திலிருந்து ஃபோம் மேல் போட்டால், ஹெச்.ஆரில் பாதி உயரத்துக்கு மேல் எழும்பும். சாதாரண ஃபோமில் அவ்வளவு எழும்பாது. பேரிங் குண்டு எந்த மெக்கானிக் கடையிலும் கிடைக்கும்.

மட்டமான ஃபோம் போட்டது கூடப் பெரிய நஷ்டமில்லை. கம்பெனி ஃபோமை வெட்டித் தூக்கிப் போட்டதுதான் நஷ்டம். கம்பெனி குஷன் என்பது பலகையிலிருந்து அறுத்த ஃபோம் அல்ல. கம்பிச் சட்டத்தை அச்சில் வைத்து அதைச் சுற்றி ஊற்றி வார்த்தது. உறையை உள்ளிழுத்துப் பிடிக்க அதில் பள்ளக் கோடுகள் இருக்கும், கோட்டுக்கு அடியில் கம்பி ஓடும், உறையைப் பிடிக்கும் சிறு உலோக வளையமான ஹாக் ரிங் அதில்தான் மாட்டும். பல கார்களில் முன்பக்கம் தெர்மோகோல் போலத் தெரியும் ஒரு கட்டியும் இருக்கும். அது தெர்மோகோல் அல்ல, இபிபி என்கிற பாலிபுரொப்பிலீன் நுரைக்கட்டி. மோதும்போது உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் முன்னால் வழுக்கிப் போகாமல் தடுக்கத்தான் அதை அங்கே வைக்கிறார்கள். இந்தக் காரில் அந்தக் கட்டி இல்லை. கேட்டதற்கு, ‘வெறும் தெர்மோகோல் சார், அதான் குத்திச்சு, எடுத்துட்டோம்’ என்று பதில். இடுப்பு வழுக்கினால் பெல்ட் எலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். குடலும் கல்லீரலும் நசுங்குவது அப்படித்தான். மேலே கனமாக மெத்தென்ற ஃபோம் போட்டாலும் இதே ஆபத்து கூடும்.

அம்மாவின் கால் வீங்கியதற்குக் காரணம் தை சப்போர்ட். நெட்டையானவர்களுக்குச் சிறிய கார்களின் பின் சீட்டில் தொடைக்குத் தாங்கல் கிடைக்காது, முட்டி மேலே தூக்கி நிற்கும். அவர்களுக்கு முன் விளிம்பை ஏற்றுவது சரி. ஐந்தடி உயரத்தவருக்கு அதே விளிம்பை ஏற்றினால் பாதம் தரையில் படாமல் தொங்கும், விளிம்பு முட்டியின் பின்புறத்தை அழுத்தி ரத்த ஓட்டத்தைப் பிடிக்கும். யாருக்காக வேலை செய்கிறோமோ அவரை உட்காரவைத்து அளக்காமல் ஒரு இன்ச் கூட ஏற்றக்கூடாது. முதுகு சாய்மானத்தில் முழுதாகப் படிந்திருக்க, விளிம்புக்கும் முட்டி மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும், பாதம் தட்டையாகத் தரையில் பட வேண்டும். பாதம் படவில்லையென்றால் அவருக்குத் தேவை ஒரு கால்மணை. கூடவே இடுப்பு மட்டத்தில், குஷனிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில், இரண்டு மூன்று செ.மீ. கனத்தில் ஒரு முதுகுத் திண்டு. இந்த அம்மாவுக்கு அவ்வளவே போதுமாக இருந்தது. ஆயிரத்துக்குள் முடிந்திருக்கும்.

சாய்மானத்தைப் பின்னால் தள்ளியது எப்படி என்று பார்த்தால், கீல் போல்ட்டுக்கு அடியில் வாஷர்கள். மேலே பூட்டு மாட்டுகிற வளைகம்பியைச் சூடாக்கி வளைத்திருந்தார்கள். அதனால் பூட்டு முழுதாக விழவில்லை. 60:40 எனப் பிரியும் சாய்மானமுள்ள பல கார்களில், சரியாகப் பூட்டாவிட்டால் மேல் குமிழ் அருகே சிவப்புக் கோடு தெரியும். இங்கே அது தெரிந்தபடியே கார் இரண்டு மாதம் ஓடியிருக்கிறது. பிரேக் அடித்தால் டிக்கியில் உள்ள பெட்டிகளின் வேகத்தைத் தாங்குவது அந்தப் பூட்டுத்தான். நடு இருக்கையின் பெல்ட் சாய்மானத்திலேயே பொருத்தப்பட்ட கார் என்றால் பெல்ட்டின் பலமும் அதன் மேல்தான் நிற்கிறது. சாய்வுக் கோணத்தை மாற்ற அந்தக் காருக்கே கம்பெனி வழி கொடுத்திருந்தால் சரி; வெல்டிங், வாஷர், வளைத்தல் எதுவுமே வேண்டாம். பல கார்களில் பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, பம்ப் மூடியும் அங்கேதான் திறக்கும். அந்த இடத்தில் வெல்டிங் தீப்பொறி என்பது நினைக்கவே வேண்டாத விஷயம்.

சீட்டை இரண்டு இன்ச் உயர்த்தியதில் இன்னும் சில கோளாறுகள். தலை கூரையை நெருங்கும். அசையாத ஹெட்ரெஸ்ட் என்றால் அது பிடரிக்குக் கீழே போய்விடும், பின்னாலிருந்து இடித்தால் கழுத்துத்தான் மாட்டும். பக்கிள் புதையும். புதைந்த பக்கிளைத் தேடச் சோம்பல்பட்டு பெல்ட்டே போடாமல் விடுவார்கள், அதுதான் அன்றாடம் நடப்பது. குழந்தை சீட் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பிகள், ஒரு இருக்கைக்கு இரண்டு, 28 செ.மீ. இடைவெளியில் குஷனும் சாய்மானமும் சேரும் இடத்தில் இருக்கும். புது உறையில் அதற்கு வெட்டே விடவில்லை. ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: சிலவற்றில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின் சீட்டருகே உள்ள கிரில் வழியாகத்தான் போகிறது. உறையோ ஃபோமோ அதை மூடினால் பேட்டரி சூடேறும்.

நப்பா லெதர் என்று போட்டது சாதாரண பிவிசி ரெக்சின்தான். பின்புறம் திருப்பினால் நெய்த துணி. உண்மைத் தோலின் பின்புறம் நார் நாராக இருக்கும். ரெக்சின் போடுவது குற்றமில்லை, ரெக்சின் விலை வாங்கினால். கார் உள்ளே போடும் துணியும் ரெக்சினும் தீ மெதுவாகப் பரவும் வகையாக இருக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 15061 என்கிற இந்தியத் தரம் இருக்கிறது. அந்த ரோலில் அப்படி ஏதாவது அச்சிட்டிருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலான கடைகளில் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

சரியான வேலை எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடலாம். பல கார்களில் குஷனின் முன்பக்கம் இரண்டு கிளிப் இருக்கும். ஒவ்வொன்றின் மேலேயும் கை வைத்து நேர் மேலாக ஒரு வெட்டு இழு இழுத்தால் விடுபடும், பிறகு முன்னால் நகர்த்திப் பின் கொக்கியிலிருந்து எடுக்க வேண்டும். கோணலாக இழுத்தால் பிளாஸ்டிக் கிளிப் உடையும். உடைந்ததை மாற்றாமல் அப்படியே அமுக்கிவிடுவார்கள், குஷன் பிறகு மிதந்துகொண்டிருக்கும். கம்பெனி ஃபோமில் கத்தி படக்கூடாது. அதன் மேல் 15 முதல் 20 மி.மீ. கனத்தில் 40 டென்சிட்டி ஹெச்.ஆர். ஃபோம் ஒட்டி, ஓரங்களைச் சரிவாகச் சீவி, பள்ளக் கோடுகளை மூடாமல் விட வேண்டும். கோட்டை நிரப்பிவிட்டால் உறை உப்பும், சுருக்கம் விழும். அதை மறைக்க ஸ்டேப்பிள் அடிப்பார்கள். உறை புது அளவுக்குத் தைக்கப்பட்டு, ஹாக் ரிங் போட்டு அடிக் கம்பியோடு இழுக்கப்பட வேண்டும். பிளாஸ்டிக் டை போட்டால் கொஞ்ச நாளில் அறும். பசை தடவியதும் மூடக்கூடாது, காய விட வேண்டும். இதனால்தான் ‘காலையில் விடுங்க, சாயந்திரம் எடுங்க’ என்றால் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது: அந்த நேரத்தில் அளவெடுத்துத் தைத்து முடிக்க முடியாது, தயாராக இருக்கிற உறையைத்தான் இழுத்து மாட்டுவார்கள்.

ஃபோம் ஒட்டி உறை போடாத நிலையில் ஒருமுறை கடைக்குப் போய் உட்கார்ந்து பார்ப்பேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் கொடுக்க வேண்டாம். கழற்றிய ஒவ்வொரு துண்டும், தெர்மோகோல் என்று அவர்கள் சொல்வது உட்பட, உங்களிடம் திரும்பி வர வேண்டும். முன் சீட்டையும் சேர்த்துச் செய்கிறோம், தள்ளுபடி என்பார்கள். பக்கவாட்டு ஏர்பேக் முன் சீட்டின் உள்ளேயே இருக்கும் கார்களில் அதைத் தொட விடாதீர்கள்.

இன்னோவா, எர்டிகா வைத்திருப்பவர்களுக்குக் கேப்டன் சீட் (நீள சீட்டுக்குப் பதில் தனித்தனி இருக்கை) ஆசை காட்டுகிறார்கள். இருக்கை எண்ணிக்கை மாறினால் ஆர்சியில் உள்ளதோடு ஒத்துப்போகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் கண்ணில் இந்த மாற்றம் பட்டால் எழுதிவிடுவார்.

பணம். 26,000 ரூபாயும் யாரோ ஒருவரின் சொந்த யூபிஐ எண்ணுக்குப் போயிருக்கிறது, ஜிஎஸ்டி பில் இல்லை. திரும்பிப் போய்க் கேட்டபோது, ‘நீங்க கேட்ட சாஃப்ட்தானே கொடுத்தோம்’ என்றார்கள். ஃபோம் வகை, டென்சிட்டி, கனம், உறைப் பொருள் நான்கும் பில்லில் இருந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. துண்டுச் சீட்டும் யூபிஐ பதிவும் வாட்ஸப் பேச்சும் இருந்தாலும் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பிரித்த ஃபோமைத் தராசில் வைத்துப் படம் எடுத்துக்கொண்ட பிறகே மறுவேலைக்குக் கொடுங்கள்.

வெட்டுப்பட்ட கம்பெனி ஃபோமுக்கு மாற்று வேண்டுமென்றால் ஷோரூமில் முழு குஷனாகத்தான் தருவார்கள், விலை கடிக்கும். சிவாஜி நகர் பழைய பார்ட்ஸ் கடைகளில் அதே மாடல் குஷன் கிடைக்க வாய்ப்பு உண்டு. மாடல் வருடமும் 60:40 பிரிவும் ஒத்துப்போக வேண்டும். வாங்கும் முன் உறையின் அடியைத் தூக்கி உள்ளே இருக்கும் கம்பியைப் பாருங்கள். வளைந்திருந்தால் மோதிய வண்டி. கம்பி முழுக்கத் துரு, ஃபோமில் மண் கோடு, முகர்ந்தால் புழுங்கிய வாடை என்றால் வெள்ளத்தில் நின்ற வண்டியின் சீட். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.